கனாரித் தீவுகளைப் பாய்மரப் படகில் சுற்றுவது எப்படி? கிழக்கிலிருந்து மேற்கே, படிப்படியாக

மொராக்கோ கரைக்கு மேற்கே, 28 டிகிரி வடக்கு அட்சரேகையை ஒட்டி எட்டுத் தீவுகளில் மக்கள் வாழ்கிறார்கள். எல்லாமே எரிமலையால் உருவானவை, ஸ்பெயினைச் சேர்ந்தவை. கிழக்கிலிருந்து எண்ணினால் லா கிராசியோசா, லான்சரோத்தே, ஃபுவேர்த்தவெந்தூரா, கிரான் கனாரியா, டெனெரிஃபே, லா கொமேரா, லா பால்மா, எல் இயர்ரோ.

படகு ஓட்டத் தெரிந்தவர்களுக்காக, ஆனால் இந்தக் கடலுக்குப் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே முதல்முறை வருபவர்கள் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: முன்னறிவிப்பில் காற்றின் வேகத்தைப் பார்க்கிறார்கள், எதிரே நிற்கும் மலையைப் பார்ப்பதில்லை. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்; 11-ஆம் படியை மட்டும் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். முந்தைய படி முடியாமல் அடுத்ததைத் தொட்டால் செலவோ ஆபத்தோ கூடும்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஆண்டு முழுவதும் இங்கே பாய் விரிக்கலாம். ஆனால் எல்லா மாதமும் புதியவருக்கு ஏற்றதல்ல.

ஜூலை, ஆகஸ்டில் வடகிழக்கு வணிகக் காற்று உச்சத்தில் இருக்கும். நம் கரையோர மீனவர்கள் வாடைக்கொண்டல் என்று சொல்லும் அதே திசை. நாள் தவறாமல், வாரக்கணக்கில் வீசும். வானம் பளிச்சென்று இருப்பதால் "கோடைதானே" என்று ஏமாந்துவிடுவார்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை அந்தக் காற்று இடையிடையே அறுந்துபோகும். வடக்கே போகும் தாழ்வுநிலைகள் தென்மேற்குக் காற்றையும், வடமேற்கிலிருந்து பெரிய அலைகளையும் அனுப்பும்.

முதல் பயணத்துக்கு மே அல்லது செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை என் தேர்வு. இலையுதிர் காலத்தில் கடல் நீர் 22, 23 டிகிரி வரை சூடாக இருக்கும். மார்ச்சில் அது 18, 19-க்கு இறங்கிவிடும்.

கிரான் கனாரியாவின் லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில் அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் இடம் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். 1986 முதல் ஆண்டுதோறும் நவம்பரில் இங்கிருந்துதான் சுமார் 2,700 கடல் மைல் தொலைவிலுள்ள கரீபியனுக்குப் படகுக் கூட்டம் ஒன்று சேர்ந்து புறப்படுகிறது. படகுத்துறை முழுக்க அவர்களுக்கே போய்விடும்.

2. அனுமதிகள், பிறகு கருவிகள்

அனுமதிகளுக்கு நாள் பிடிக்கும். அதனால் விமானச் சீட்டுக்கும் முன்பே இவற்றைத் தொடங்குங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. ஆளில்லாமல் படகை மட்டும் வாடகைக்கு எடுப்பதானால் படகு ஓட்டுநர் சான்றிதழ் கேட்பார்கள். பல வாடகை நிறுவனங்கள் சர்வதேசப் படகு ஓட்டுநர் தகுதிச் சான்றை ஏற்கின்றன. எந்தச் சான்று செல்லும் என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

லா கிராசியோசாவைச் சுற்றியுள்ள கடல் பாதுகாக்கப்பட்ட பகுதி. அங்கே நங்கூரம் போட முன்அனுமதி வேண்டும். ஃபுவேர்த்தவெந்தூராவின் வடக்கே உள்ள லோபோஸ் தீவில் இறங்கவும் அனுமதி வேண்டும். கடலில் நின்றுகொண்டு விண்ணப்பித்தால் அந்த இரண்டையும் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

படகைக் கையில் வாங்கும்போது நான்கு பொருள்களை நேரில் தொட்டுப் பாருங்கள். பெரிய பாயை இரண்டாம் மடிப்புவரை சுருக்கும் கயிறு உண்மையிலேயே கோக்கப்பட்டிருக்கிறதா? பல வாடகைப் படகுகளில் முதல் மடிப்புக்கு மட்டும்தான் கயிறு இருக்கும். நங்கூரச் சங்கிலி 60 மீட்டராவது இருக்கிறதா? நீருக்கடியில் பார்க்கும் முகக்கண்ணாடி இருக்கிறதா? ஒவ்வொருவருக்கும் உடலோடு கட்டிக்கொள்ளும் பாதுகாப்புப் பட்டையும், அதை மாட்டத் தளத்தின் நெடுக்காக ஓடும் நாடாவும் இருக்கின்றனவா? இந்த நான்கும் ஏன் என்பது கீழே ஒவ்வொன்றாக வரும்.

காற்று புகாத மேலங்கி ஒன்றும் பையில் இருக்கட்டும். வணிகக் காற்றில் இரவுக் காவலுக்கு நின்றால் கோடையிலும் பல் கிட்டும்.

3. பாதையைக் கிழக்கிலிருந்து மேற்கே போடுங்கள்

காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. கனாரி நீரோட்டமும் தென்மேற்கு நோக்கியே போகிறது. எனவே லான்சரோத்தேயில் தொடங்கி எல் இயர்ரோவில் முடிப்பதுதான் இயல்பான ஓட்டம்.

பலர் விமானம் மலிவு என்பதற்காக டெனெரிஃபேயில் படகு எடுத்துவிட்டு, "லான்சரோத்தேவரை போய் வரலாம்" என்று கிழக்கே திரும்புகிறார்கள். இரண்டாம் நாளே படகு அலையில் குத்திக் குத்தி, உடன் வந்தவர்கள் வாந்தியெடுத்து, பயணம் அங்கேயே நின்றுவிடுகிறது. டெனெரிஃபேயில்தான் தொடங்குவீர்கள் என்றால் மேற்குத் தீவுகளை மட்டும் பாருங்கள். அதுவே நிறைவான பயணம்.

முழுச் சுற்றுக்கு மூன்று வாரம் வையுங்கள். லா கிராசியோசாவிலிருந்து லான்சரோத்தேயின் கிழக்குக் கரையோரமாக இறங்கி, தென்முனையில் உள்ள ரூபிகோன் படகுத்துறை. அங்கிருந்து நீரிணையைக் கடந்து ஃபுவேர்த்தவெந்தூராவின் கொரலேஹோ, எட்டு கடல் மைல்கூட இல்லை. ஃபுவேர்த்தவெந்தூராவின் கிழக்குக் கரையில் கிரான் தரஹால், பிறகு மொர்ரோ ஹப்லே. அங்கிருந்து லாஸ் பால்மாஸ் 57 கடல் மைல் அளவு. அடுத்து டெனெரிஃபேயின் சாந்தா குரூஸ் 50-க்குச் சற்று மேல். தெற்கே இறங்கி சான் மிகேல், அங்கிருந்து லா கொமேராவின் சான் செபஸ்தியான் 27. பிறகு லா பால்மா 50-ஐ ஒட்டி, கடைசியில் எல் இயர்ரோ.

50 மைல் தாவல்களுக்கு விடியும் முன் கிளம்புங்கள். தெரியாத துறைமுகத்துக்குள் இருட்டில் நுழையாமல் இருக்க அதுதான் வழி.

4. தினமும் காலையில் மலையைப் படியுங்கள்

இந்த வழிகாட்டியின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

வணிகக் காற்றின் ஈரமான கீழடுக்கு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000, 1,500 மீட்டர் உயரம்வரைதான். அதற்கு மேல் வறண்ட, சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்திருக்கிறது. அந்த மூடிக்குக் கீழேதான் மேகக்கடல் தேங்குகிறது. லா கொமேராவின் கரஹோனாய் காட்டில் மரங்கள் பாசி தொங்க நனைந்து நிற்பது அந்த மேகத்தால்தான்.

இப்போது தீவுகளின் உயரத்தைப் பாருங்கள். டெனெரிஃபேயின் தெய்தே மலை 3,715 மீட்டர். லா பால்மா 2,426. கிரான் கனாரியா 1,950-ஐ ஒட்டி. கொமேராவும் எல் இயர்ரோவும் 1,500 அளவு. இந்த மலைகள் எல்லாம் மூடியைத் தொடுகின்றன அல்லது துளைக்கின்றன. மூடி இருப்பதால் காற்று மலைக்கு மேலே ஏறிப் போக முடியாது. இரண்டு பக்கமும் பிதுங்கித்தான் போக வேண்டும். குழாய் வாயை விரலால் பாதி அடைத்தால் நீர் பீய்ச்சுவதைப் போல, தீவின் வடமேற்கு விளிம்பிலும் தென்கிழக்கு விளிம்பிலும் காற்று விரைவு கூடுகிறது. இவற்றை வேகப் பட்டைகள் என்பேன்.

லான்சரோத்தேயும் ஃபுவேர்த்தவெந்தூராவும் குள்ளமானவை. 671 மீட்டர், 807 மீட்டர். அங்கே காற்று மேலே ஏறித் தாண்டிவிடும். ஆனால் ஃபுவேர்த்தவெந்தூராவின் தெற்கே ஹண்டியா மலைத்தொடரின் மறைவில் நிம்மதி என்று நினைக்க வேண்டாம். சரிவிலிருந்து வீச்சு வீச்சாகக் காற்று இறங்கி அடிக்கும்.

மலையைப் படிப்பது இப்படி: மூடி தெளிவாக, மேகம் தட்டையான மேற்பரப்போடு மலையின் நடுவே வெட்டினாற்போல் நின்றால் அன்று வேகப் பட்டைகள் பலமாக இருக்கும் என்று கொள்ளுங்கள். முன்னறிவிப்பு திறந்த கடலுக்கு 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) என்றால், பட்டைக்குள் 25, 30 என்று கணக்கு வைத்துக்கொண்டு கிளம்புங்கள். ஸ்பெயின் அரசின் வானிலை நிறுவனமான ஏமெட் வெளியிடும் கடலோர அறிக்கையைப் பாருங்கள். உலக அளவிலான பெரிய கட்ட மாதிரிகளை மட்டும் காட்டும் கைபேசிச் செயலிகளுக்கு இந்தக் குறுகிய பட்டைகள் சரியாகத் தெரிவதில்லை.

அடுத்த தவறு, தீவின் தென்மேற்கில் கிடைக்கும் காற்று மறைவை "காற்று விழுந்துவிட்டது" என்று எடுத்துக்கொள்வது. உயர்ந்த தீவுகளுக்குப் பின்னால் அந்த மறைவு 15 கடல் மைலுக்கும் மேல் நீளும். அதன் ஓரத்தில் பட்டை காத்திருக்கிறது.

5. பாயைக் காற்று வரும் முன்பே சுருக்குங்கள்

டெனெரிஃபேயின் தென்கிழக்கிலிருந்து கொமேராவுக்குப் போகும் 27 மைலை எடுத்துக்கொள்வோம். எல்லாப் பாடமும் இந்த ஒரே கடவையில் இருக்கிறது.

சான் மிகேலை விட்டதும் நல்ல காற்று. ராஸ்கா முனையைத் தாண்டியதும் சட்டென்று அமைதி. பாய் தொங்கும். கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் மினுங்கும். இந்த இடத்தில்தான் புதியவர்கள் சுருக்கிய பாயை முழுக்க அவிழ்த்து ஏற்றுகிறார்கள். நானும் முதல்முறை அதைத்தான் செய்தேன். முக்கால் மணி நேரம் கழித்து, மேற்கே தண்ணீரின் நிறம் ஒரு கோடு போட்டாற்போல் மாறியது. கோட்டுக்கு அப்பால் கருநீலம், மேலே வெள்ளை நுரை. "அது என்ன" என்று கேட்டு முடிப்பதற்குள் கோட்டுக்குள் இருந்தோம். 6 நாட்டிலிருந்து 29. படகு சாய்ந்து, சமையலறைத் தட்டு முழுக்கத் தரையில். பட்டையை மாட்டாமல் இருந்த ஒருவர் சுக்கான் மேடையின் மறுபக்கம் போய் விழுந்தார். விலா எலும்பில் அடி. அன்று அவர் கடலில் விழாமல் போனதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

அமைதியான பகுதியில் இருக்கும்போதே, இந்த வரிசையில்:

அ. எல்லோரும் உயிர்காப்பு அங்கி போட்டு, பட்டையை நாடாவில் மாட்டுங்கள். சாய்ந்த படகில் இதைச் செய்ய இரண்டு கையும் வேண்டும். அப்போது இரண்டு கையும் இருக்காது.

ஆ. உள்ளே போய் அடுப்பை அணைத்து, அலமாரிகளைப் பூட்டி, மேல்சன்னல்களை இறுக்குங்கள்.

இ. இயந்திரத்தை ஓட்டி அணியத்தை (படகின் முன்முனையை) காற்று வரப்போகும் திசைக்குத் திருப்பிப் பிடியுங்கள். பெரிய பாயை இரண்டாம் மடிப்புவரை இறக்கிக் கட்டுங்கள். முதல் மடிப்போடு நிறுத்தினால் பட்டைக்குள் இன்னொருமுறை தளத்துக்குப் போக வேண்டிவரும்.

ஈ. முன்பாயைப் பாதியாகச் சுருட்டுங்கள். பெரிய பாயைச் சுருக்காமல் முன்பாயை மட்டும் சுருட்டுவது பரவலான பிழை. அப்போது படகு காற்றை நோக்கி மூக்கைத் திருப்பிக்கொண்டே இருக்கும், சுக்கான் கைக்கு அடங்காது.

உ. ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டு ஒருவர் கையால் ஓட்டுங்கள். கோட்டைத் தாண்டும் முதல் சில நிமிடங்கள் திசையும் வேகமும் ஒருசேர மாறும்.

ஊ. இப்போது இயந்திரத்தின் உதவியோடு கோட்டை நோக்கிப் போங்கள். மெதுவாகத் தெரியும். பரவாயில்லை.

பட்டையிலிருந்து வெளியே வந்ததும் உடனே பாயை அவிழ்க்க வேண்டாம். பதினைந்து நிமிடம் பொறுங்கள். பட்டையின் ஓரம் நேர்கோடாக இருப்பதில்லை, மறுபடி உள்ளே போய்விடுவீர்கள்.

6. எரிமலைப் பாறையில் நங்கூரம்

நல்ல நங்கூரத் தலங்கள் இங்கே குறைவு. கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே கடலடி அதலபாதாளமாக இறங்கிவிடுகிறது. எறிவதற்கு இருப்பது கரையோர மணல் திட்டு மட்டும். அதை ஒட்டியே எரிமலைக் குழம்பு உறைந்த பார், அதாவது கடலடிப் பாறை.

லா கிராசியோசாவின் ஃபிரான்செசா கடற்கரையில் மணல் பொன்னிறம், பாறை கறுப்பு. மேலிருந்தே தெரியும். கொமேராவிலும் லா பால்மாவிலும் மணலே கறுப்பு. பாறையும் கறுப்பு. நிறத்தை நம்பிப் போட்டால் நங்கூரம் பார் இடுக்கில் சிக்கிக்கொள்ளும், காலையில் வராது. அதற்குத்தான் முகக்கண்ணாடி. ஒருவர் நீந்திப் போய் அடியைப் பார்த்துவிட்டு வந்த பிறகு போடுங்கள்.

நங்கூரத்தின் தலைப்பகுதியில் மெல்லிய கயிறு ஒன்றைக் கட்டி, மறுமுனையில் சிறிய மிதவை வையுங்கள். சிக்கினால் அந்தக் கயிற்றைப் பின்னோக்கி இழுத்து விடுவிக்கலாம். இதை முதலிலேயே கட்டாமல் விட்டால், ஏழு மீட்டர் ஆழத்தில் மூச்சடக்கிப் போய்க் கட்ட வேண்டிவரும்.

சங்கிலிக் கணக்கு இப்படி. தாழ்நீரில் ஆழம் 7 மீட்டர் என்று வைப்போம். இங்கே பெரிய ஓதநாள்களில் நீர்மட்டம் 2.5 மீட்டர்வரை ஏறும். அணியத்தின் உயரம் 1.2. மொத்தம் 10.7. அதன் ஐந்து மடங்கு, 53 மீட்டரைத் தாண்டும். மத்தியதரைக் கடலில் பழகியவர்கள் ஓதத்தைக் கூட்ட மறந்து 35 மீட்டரோடு நிறுத்துகிறார்கள். நள்ளிரவில், நீர் ஏறிய நேரத்தில், கொமேராவின் பள்ளத்தாக்கிலிருந்து காற்று இறங்கும்போது இழுபட்டுப் போகிறார்கள்.

போட்டபின் இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டி, கரையில் இரண்டு பொருள்களை ஒரே கோட்டில் வைத்துப் பாருங்கள். கோடு நகராவிட்டால் பிடித்திருக்கிறது.

7. அலையின் இடைவெளியைப் பாருங்கள்

குளிர்காலத்தில் உயரத்தைவிட முக்கியம், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை வினாடி என்பது. இரண்டு மீட்டர், 8 வினாடி என்றால் உள்ளூர்க் காற்றின் அலை. இரண்டு மீட்டர், 16 வினாடி என்றால் தொலைவான வட அட்லாண்டிக் புயல் அனுப்பியது. இந்த நீண்ட அலை தீவின் முனையைச் சுற்றி வளைந்து, மறைவு என்று நினைத்த பக்கத்திலும் உள்ளே வரும். நங்கூரத்தில் இரவெல்லாம் உருட்டும்.

லான்சரோத்தேக்கும் ஃபுவேர்த்தவெந்தூராவுக்கும் இடையே கடல் ஆழம் குறைவு. பெரிய வடமேற்கு அலை நாளில் லோபோஸின் வடக்குப் பக்கம் அலை உடையும். அன்று அந்தப் பக்கம் வேண்டாம்.

ரப்பர்ப் படகில் கரையிறங்கும் முன் பத்து நிமிடம் அலையை எண்ணிப் பாருங்கள். பெரியவை கூட்டமாகத்தான் வரும். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு "அமைதி" என்று இறங்கியவர்களின் படகு கவிழ்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

8. கலிமா வந்தால்

சஹாராவின் புழுதியைச் சுமந்து கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வரும் வறண்ட காற்றுக்கு இங்கே கலிமா என்று பெயர். 2020 பிப்ரவரி 22, 23-இல் வந்தது விமான நிலையங்களையே மூட வைத்தது. பார்வைத் தூரம் ஒரு மைலுக்கும் கீழே போகலாம்.

எச்சரிக்கை வந்த அன்றே கிழக்கு, தெற்கு நோக்கிய நங்கூரத் தலங்களை விட்டு வெளியேறி, படகுத்துறைக்குள் போங்கள். வழக்கமான வடகிழக்குக் காற்றுக்கு மறைவாக இருந்த அதே இடத்தில் காற்று நேராகக் கரையை நோக்கித் தள்ளும். முடிந்ததும் கயிறு, உருளை, பாய் எல்லாவற்றையும் நன்னீரால் அலசிய பிறகே பாயை ஏற்றுங்கள். அந்தச் செம்புழுதி கயிற்றை அரம்போல் அறுக்கும்.

9. கப்பல் பாதையும் வேகப் படகுகளும்

2005-இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு இந்தத் தீவுக் கடலைச் சிறப்புக் கவனம் வேண்டிய பகுதியாக அறிவித்தது. கிரான் கனாரியாவின் இரண்டு பக்கமும் பெரிய கப்பல்களுக்குத் தனிப் பாதைகள் உண்டு. அவற்றைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும். சாய்வாக வெட்டினால் பாதைக்குள் இருக்கும் நேரம் கூடும்.

தீவுகளுக்கிடையே ஓடும் விரைவு ஃபெர்ரிகள் 35 நாட்டைத் தொடும். ஐந்து மைல் தொலைவில் புள்ளியாகத் தெரிந்தது ஒன்பது நிமிடத்தில் பக்கத்தில் இருக்கும். வி.எச்.எஃப் வானொலியில் 16-ஆம் அலைவரிசையைத் திறந்தே வையுங்கள். கடல் மீட்பு அவசர எண் 900 202 202. அதை எழுதி வரைபட மேசையில் ஒட்டுங்கள்.

லா பால்மாவில் 2021 செப்டம்பர் 19 முதல் டிசம்பர் 13 வரை வெடித்த எரிமலையின் குழம்பு, தசகோர்த்தே துறைமுகத்துக்குத் தெற்கே கடலில் புதுநிலம் போட்டிருக்கிறது. அதற்கு முந்தைய வரைபடத்தை வைத்துக்கொண்டு அங்கே கரையை ஒட்டிப் போகாதீர்கள். எல் இயர்ரோவின் லா ரெஸ்டிங்காவுக்குத் தெற்கே 2011-இல் நீருக்கடியில் எழுந்த எரிமலையைப் பற்றிக் கவலை வேண்டாம். அதன் உச்சி 88 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஆனால் லா ரெஸ்டிங்காவை ஒட்டிய கடல் பாதுகாக்கப்பட்ட பகுதி. நங்கூரத்தைத் தவிர்த்துத் துறைமுகத்தில் கட்டுங்கள்.

10. திமிங்கிலம் அருகே வந்தால்

டெனெரிஃபேயின் தென்மேற்கு மறைவில், நீங்கள் பாய் சுருக்க நிற்கும் அதே அமைதியான நீரில், குறுந்துடுப்புப் பைலட் திமிங்கிலங்கள் ஆண்டு முழுவதும் வாழ்கின்றன. கறுத்த, உருண்ட தலை. மேற்பரப்பில் அசையாமல் ஓய்வெடுக்கும். மூச்சு விடும் 'புஸ்' ஒலி முதலில் கேட்கும், பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

ஸ்பெயின் சட்டப்படி 60 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. அவற்றோடு நீந்தவும் கூடாது. முன்னால் வந்துவிட்டால் இயந்திரத்தை மெதுவாக்கி, அவை போகும் திசைக்கு இணையாக ஓட்டுங்கள். குறுக்கே வெட்டாதீர்கள், கூட்டத்தைப் பிரிக்காதீர்கள். ஆழத்தில் கணவாய் வேட்டையாடிவிட்டு வந்து மூச்சு வாங்கும் உயிர் அது. நாம் கிளப்பிவிட்டால் அதன் ஓய்வு போகிறது.

இரவில் நங்கூரத்தில் படுத்திருக்கும்போது பாறைச் செங்குத்திலிருந்து குழந்தை அழுவது போல ஒலி வரும். பயப்பட வேண்டாம். பர்தேலா என்னும் கடற்பறவை கூடு திரும்புகிறது. அக்டோபர், நவம்பரில் அதன் குஞ்சுகள் முதல்முறை பறக்கின்றன. வெளிச்சத்தில் மயங்கித் தரையில் விழும். நங்கூர விளக்கை மட்டும் வைத்துவிட்டு, தளத்து அலங்கார விளக்குகளை அணைத்துவிடுங்கள்.

11. திரும்பும் வழியைக் கிளம்பும் முன்பே தீர்மானியுங்கள்

ஒரு தீவில் எடுத்து இன்னொன்றில் ஒப்படைக்கும் வாடகை கூடுதல்தான். ஆனாலும் முடிந்தால் அதையே எடுங்கள். முடியாதவர்கள் திரும்பும் நாள்களைப் போன நாள்களைப் போல இரண்டு மடங்காக வையுங்கள்.

கிழக்கே திரும்ப இரண்டு வாய்ப்புகள் உண்டு. குளிர்காலத்தில் வடக்கே ஒரு தாழ்வுநிலை போகும்போது வடகிழக்குக் காற்று அறுந்து, ஓரிரு நாள் தென்மேற்கு வீசும். அறிக்கையில் அது தெரிந்த உடனே, பார்க்க வேண்டிய ஊர் மிச்சமிருந்தாலும், கிளம்புங்கள். மற்ற காலங்களில் கரையோரக் காற்று சற்றுத் தணிந்திருக்கும் நள்ளிரவுக்கும் காலை பத்து மணிக்கும் இடையே இயந்திரத்தில் ஓட்டுங்கள். ஃபுவேர்த்தவெந்தூராவின் கிழக்குக் கரையில் நிலத்தை ஒட்டிப் போனால் அலை குறைவு.

டீசலை இப்படிக் கணக்கிடுங்கள். 60 மைலை 5 நாட்டில் கடக்க 12 மணி நேரம். மணிக்கு 3 லிட்டர் குடிக்கும் இயந்திரம் என்றால் 36 லிட்டர். எதிர்க்காற்றில் 5 நாட் 4 ஆகிவிடும். அப்போது 15 மணி நேரம், 45 லிட்டர். அதோடு மூன்றில் ஒரு பங்கு இருப்பு, 15 லிட்டர். ஆக 60 லிட்டர் தொட்டியில் இல்லாமல் மொர்ரோ ஹப்லேயை நோக்கி லாஸ் பால்மாஸை விடாதீர்கள். அளவுமானி காட்டுவதை நம்பாமல், கயிற்றை அவிழ்க்கும் முன் தொட்டியில் குச்சி விட்டுப் பாருங்கள்.